தராசில் ஏறிய குப்பை

தன் பிழைப்பைத் தானே தேவையற்றதாக்கிக்கொள்ளும் ஒருவரை நேர்மையானவர் என்பதா, விவரம் போதாதவர் என்பதா? நீலகிரி மலையில் தேவர்சோலைக்கு அருகே ஓர் எஸ்டேட் பள்ளியைப் பெருக்கி வந்த சின்னம்மையின் வாழ்க்கை இந்தக் கேள்வியில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சிறுமியாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்தார். தேயிலை விலை விழுந்து ஃபாக்டரியை மூடியபோது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேர் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். கணவரை இழந்த சின்னம்மைக்குப் பள்ளியில் தற்காலிக ஆயா வேலை கிடைத்தது. அதை விட்டால் அந்த மலையில் அவருக்கு வேறு வேலை இல்லை.

காலையில் பெருக்கிய வராந்தா, பதினோரு மணி இடைவேளைக்குப் பிறகு மிக்சர் உறைகளால் நிறைந்துவிடும். "போடுடி, ஆயாம்மா இருக்காங்கல்ல" என்று எட்டாம் வகுப்பு சரிதா ஒருநாள் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"இருக்கேன். இருந்து பாத்துக்கிட்டே இருக்கப்போறேன். இனி ஒரு தாளைத் தொட மாட்டேன்" என்றார்.

மூன்று நாள் தொடவில்லை. தலைமையாசிரியர் ஹெர்பர்ட் சத்தம் போட்டும் மசியவில்லை. நான்காம் நாள் சரிதாவுக்கே நாற்றம் தாங்கவில்லை.

"என்னதான் பண்ணணும்ங்கறீங்க?"

"அவங்கவங்க கிளாஸ் குப்பைய அவங்கவங்களே பொறுக்கி நிறுங்க."

மூடிய ஃபாக்டரியில் கொழுந்து நிறுக்கும் தராசு சும்மாதான் கிடந்தது. பிள்ளைகள் அதைத் தூக்கிவந்து வராந்தா உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். வெள்ளிதோறும் மாலையில் ஒவ்வொரு வகுப்பும் தன் சாக்கை மாட்டும். சின்னம்மை எடையை உரக்கச் சொல்வார். முதல் வெள்ளியன்று எட்டாம் வகுப்பு, பஸ் ஸ்டாப் குப்பையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்தது. எடை கூடினால்தான் பேர் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறென்ன செய்யும்?

"பன்னெண்டு கிலோ ஆயாம்மா! நாங்கதான் ஃபர்ஸ்ட்!"

"இதென்ன கொழுந்தாடி? கொறஞ்சவங்கதான் ஃபர்ஸ்ட். நீங்கதான் கடைசி."

ஆறாம் வகுப்பு கைதட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு சரிதாவைச் சுட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் அவள் வகுப்பு, காலி உறைகளை மிக்சர் விற்ற கடைக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்துச் சண்டை போட்டது. ஆறாம் வகுப்பு தின்பண்டத்தை டப்பாவில் கொண்டுவரத் தொடங்கியது. மூன்று மாதத்தில் எந்தச் சாக்கும் ஒரு கிலோவைத் தாண்டவில்லை. இதில் சின்னம்மையின் பங்கை மிகைப்படுத்த வேண்டியதில்லை. அவர் விட்டுக்கொடுக்காமல் நின்றார், அவ்வளவுதான். மற்றதைப் பிள்ளைகளின் போட்டி செய்தது.

பிறகு எஸ்டேட் நிர்வாகம் கடிதம் அனுப்பியது. எந்தெந்த வேலைக்கு ஆள் தேவை என்று பார்க்க, திங்கட்கிழமை ஓர் அதிகாரி வருவார்.

ஹெர்பர்ட் சின்னம்மையைத் தனியே கூப்பிட்டார். "அன்னிக்கு ஒருநாள் கொஞ்சம் குப்பை கிடக்கட்டும் சின்னம்மை. பெருக்க ஆள் வேணும்னு நான் எழுதிடறேன். இல்லேன்னா உங்க வேலைய எடுத்துருவாங்க."

"வேணும்னா நீங்க போடுங்க சார். எத்தன கிலோன்னு கத்திச் சொல்றேன்."

விஷயம் பிள்ளைகளுக்கு எட்டியது. திங்கள் காலை சரிதாவும் கூட்டாளிகளும் பழைய நோட்டுகளைக் கிழித்து, கடலைத் தோலோடு கலந்து முற்றமெங்கும் இறைத்தார்கள்.

"கை வைக்காதீங்க ஆயாம்மா. அந்த ஆளு பாத்துட்டுப் போகட்டும்."

மலைப்பாதையின் கீழ்வளைவில் அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டது. சின்னம்மை முற்றத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு விளக்குமாற்றை எடுத்து மளமளவென்று பெருக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, உங்களுக்காகத்தானே போட்டோம்! விடுங்க!" சரிதா விளக்குமாற்றைப் பிடித்து இழுத்தாள். அவர் அவள் கையை விலக்கிவிட்டுப் பெருக்கினார்.

ஜீப் வந்து நின்றபோது முற்றத்தில் ஒரு தாள் இல்லை. அடுத்த மாதம் அவருக்கு வேலையும் இல்லை. அன்று ஏன் அப்படிச் செய்தார் என்று ஹெர்பர்ட் கேட்டார், சரிதா அழுதுகொண்டே கேட்டாள். அவர் உத்தரத்தில் தொங்கிய தராசைக் காட்டி, "பொய் எடை சொல்லி எனக்குப் பழக்கமில்ல" என்றார்.