ஒரு காது மட்டும் கேட்கும் இயர்போன்

என் அலுவலக மேஜை இழுப்பறையில் ஒரு கறுப்பு இயர்போன் கிடக்கிறது. அதன் இடது பக்கம் செத்துப்போய் வெகு நாளாகிறது. வலது பக்கம் மட்டும் கேட்கும், அதுவும் ஒயரைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்தால்தான். அந்த வளைவு அப்படியே நிற்கட்டும் என்று எலக்ட்ரீஷியன்கள் ஒட்டும் கறுப்பு டேப் மூன்று சுற்று சுற்றியிருக்கிறது. சுற்றியவர் என் கணவரின் அக்கா, என் நாத்தனார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கடைத்தெருவில் புதிது எவ்வளவோ கிடைக்கும்போது இந்தக் கழிசடையை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று ஒரு காலத்தில் நானே முணுமுணுத்திருக்கிறேன். இப்போது இதைக் குப்பை என்று நினைத்து எடுத்துப் போடப் பார்த்த துப்புரவு அம்மா, என்னிடம் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் கல்யாணமாகி, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை வீட்டுக்குள் கால் வைத்தபோது, அண்ணி புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் வந்தார் என்று யாரும் முழுசாகச் சொல்லவில்லை. “சின்னச் சண்டை, சரியாயிடும்” என்பதோடு மாமியார் நிறுத்திக்கொள்வார். அண்ணி என்னோடு பேச மாட்டார். அடுப்படியில் பக்கத்திலேயே நின்று “அண்ணி, காய் நறுக்கட்டுங்களா?” என்று கேட்டாலும் பதில் வராது. மறுபடி கேட்டால்தான் திடுக்கிட்டுத் திரும்பி “என்ன?” என்பார், ஏதோ நான் சண்டைக்கு வந்ததுபோல. “கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா, திமிர் ஜாஸ்தி ஆயிடுச்சு அவளுக்கு” என்று பெற்ற தாயே சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா என்ன? நானும் வாயை மூடிக்கொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் பேசாமலே சோறு பரிமாறிக்கொண்டு நாளை ஓட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

டவுனை ஒட்டிய வேங்கிக்காலில், மனுக்களையும் சான்றிதழ்களையும் கணினியில் ஏற்றிக்கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒரு நாள் காய்ச்சல் என்று மத்தியானமே வீடு திரும்பினேன். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். பின்கட்டில் யாரோ கத்துகிற சத்தம். எட்டிப் பார்த்தால் அண்ணி! துவைக்கிற கல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காதில் இந்த இயர்போனோடு, செல்போனைக் குறுக்குவாட்டில் பிடித்துக்கொண்டு, “டேய், குபேர லிங்கத்துல ரெண்டு பேர்டா! சுடுறா, சுடுறா! ஐயோ, அது எம லிங்கம்டா, எருமை!” என்று கூவிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார். அந்த முகத்தில் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. நூறு பேர் ஒரு தீவில் பாராசூட்டில் குதிப்பார்கள். வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், வெளியே நிற்பவன் காலி. கடைசியில் மிஞ்சும் அணிக்கு வெற்றி. எதிரி எந்தத் திசையில் நிற்கிறான் என்பதைக் கூட்டாளிகளுக்குச் சட்டென்று சொல்லத் தெரிய வேண்டும். அண்ணி அதற்கு வடக்கு தெற்கு என்று சொல்வதில்லை. எங்கள் மலையைச் சுற்றும் பாதையில் எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள் இருக்கின்றன, வடக்குக்குக் குபேர லிங்கம், தெற்குக்கு எம லிங்கம், வடமேற்குக்கு வாயு லிங்கம் என்று. அண்ணிக்கு வாயில் அதுதான் வரும். மற்ற ஊர்ப் பையன்கள் “என்னக்கா சொல்றீங்க?” என்று முழித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்குள் குண்டு பாய்ந்துவிடும்.

காய்ச்சலோடு கதவோரம் நின்றபடியே அண்ணியின் விளையாட்டுப் பெயரைத் திரையில் படித்துக்கொண்டேன். ‘நெருப்புக்கோழி’. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் நானும் அதை இறக்கினேன். என்னைத் தூண்டியது பாசமெல்லாம் இல்லை, சத்தியமாக. எனக்குக் காட்டாத அந்தச் சிரிப்பை எவனுக்கோ காட்டுகிறாரே என்கிற வயிற்றெரிச்சல்தான். விளையாட்டு எனக்கொரு பெயர் கேட்டது. கையில் சுண்டல் பொட்டலம் இருந்தது, ‘சுண்டல்’ என்றே வைத்தேன். நெருப்புக்கோழிக்குச் சேர்க்கச் சொல்லி அழைப்பு அனுப்பினேன். கேட்டவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் அண்ணி என்னையும் சேர்த்துக்கொண்டார். குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று மைக்கை அணைத்துவிட்டேன். “சரி”, “வர்றேன்” என்று தட்டச்சில் மட்டும் பதில்.

அப்படித்தான் தொடங்கியது. தினமும் ஒன்றரை மணிக்கு என் காதுக்குள் அண்ணியின் குரல் வரும். “டேய் சுண்டல், எங்கடா இருக்க?” வீட்டில் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாதவர், அங்கே என்னை டேய் போட்டுக் கூப்பிட்டார். என்னைப் பையன் என்றே நினைத்துவிட்டார் என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் அந்தக் கூப்பாட்டுக்காகக் காலையிலிருந்து காத்திருந்தேன் என்பதும் உண்மை. திசைகள் எனக்குத் தெரியும், நானும் திருவண்ணாமலையில் பிறந்தவள்தானே. வாயு லிங்கம் என்று அவர் வாயெடுக்கும்போதே என் துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பிவிடும். “இவன் ஒருத்தன்தான்டா ஆளு!” என்பார். அதைக் கேட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அதே மனுஷி என்னைப் பார்க்காமல் தட்டை வைத்துவிட்டுப் போவார்.

விளையாட்டில் குண்டடிபட்டவர் உடனே சாவதில்லை. தரையில் தவழ்வார், உயிர் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். கூட்டாளி யாராவது பக்கத்தில் வந்து சில நொடி உட்கார்ந்து தூக்கிவிட்டால் பிழைப்பார். தூக்க வருகிறவனுக்குத்தான் ஆபத்து, அத்தனை துப்பாக்கியும் அவனைத்தான் பார்க்கும். அண்ணி அடிக்கடி விழுவார், அதுவும் எப்போதும் இடது பக்கத்திலிருந்து வந்தவனிடம். ஒரு தடவை மற்ற இருவரும் செத்துவிட, நாங்கள் இருவர் மட்டும் ஒரு குளியலறைக்குள் ஒளிந்திருந்தோம். வெளியே யாரோ நடக்கும் சத்தம். அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சுண்டல், எடது பக்கம் நீ பாத்துக்கடா. எனக்கு எடது காது கேக்காது” என்றார். அவராகவே சொன்னார். “பொறப்புல இல்லடா. எம் புருஷன் அறைஞ்சான். எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா அதுக்கு உசிரே போயிடும்.”

அலுவலகத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே ஒருவர் வருமானச் சான்றிதழுக்காக நின்றுகொண்டிருந்தார். அடுப்படியில் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். இடது பக்கம். தினமும் இடது பக்கம். திமிர் என்று நானும் மாமியாரும் பேசிக்கொண்டது அத்தனையும் திரும்பி வந்து என்னைக் குத்தியது.

அன்றுமுதல் வீட்டில் வலது பக்கம் போய் நின்று பேசினேன். பதில் வந்தது, ஒரு சொல், இரண்டு சொல். விளையாட்டிலோ கொட்டித் தீர்ப்பார். “எங்க வீட்ல ஒருத்தி இருக்காடா, என் தம்பி பொண்டாட்டி. நல்லவதான். என்னைப் பாத்தா மட்டும் பயந்து சாவுறா. நான் என்ன பேயா? அவ வெக்கிற ரசம் இருக்கே, உப்பு கம்மிடா. வாயில வெக்க முடியல. சொன்னா அழுதுடுவாளோன்னு குடிச்சுத் தொலைக்கிறேன்.” எனக்கு வந்ததே கோபம்! இருந்தாலும் மறுநாள் ரசத்தில் அரை ஸ்பூன் உப்பு கூடப் போட்டேன். அண்ணி இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார்.

பிறகு அந்தப் பேச்சு வந்தது. அண்ணியின் புருஷன் திருந்திவிட்டானாம், வந்து கூட்டிப்போகிறானாம். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கலைந்ததும் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். “ஊர்ல நாலு பேர் பேசுறதுக்கு முன்னாடி அக்கா போயிட்டா நல்லது” என்றார் என் கணவர். மாமியார் பலகாரத்துக்கு மாவு அரைத்தார். அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பௌர்ணமி. அன்றைக்கு எங்கள் பக்கம் வண்டி ஓடாது, அதனால் அலுவலகம் போகவில்லை. ஒன்றரை மணிக்கு மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே பின்கட்டில் அண்ணி. அவர் குரல் ஒரு முறை ஜன்னல் வழியாகவும், நொடி கழித்து இன்னொரு முறை காதுக்குள்ளும் கேட்டது. பாதையில் ஜனம் நெரியத் தொடங்கிவிட்டதால் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பதற்றத்தில் என் விரல் மைக் பொத்தானில் பட்டு அது திறந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. சாலையில் ஒலிபெருக்கி அலறியது: “விழுப்புரத்துலேருந்து வந்த பச்சைப் புடவை கட்டுன அம்மா எங்க இருந்தாலும் வாயு லிங்கத்துக்கிட்ட வாங்க, உங்க பையன் அழுதுட்டிருக்கான்.”

“டேய் சுண்டல், உன் பக்கமும் அதே மைக் கேக்குது?” என்றார் அண்ணி.

மைக்கை அணைத்துவிட்டு, “கிரிவலம் வந்திருக்கேன்” என்று தட்டினேன். “ஓ” என்றார். “வெயில்ல வந்திருக்க. மோர் ஏதாவது வாங்கிக் குடி.” பிறகு சொன்னார்: “நாளைக்கு வர்றாங்கடா. போனா இந்தக் காதும் போயிடும். மாட்டேன்னு சொல்லணும், எங்கம்மா மொகத்தப் பாத்தா தொண்டை அடைச்சுக்குது. யாராச்சும் ஒருத்தர் ஆரம்பிச்சு வெச்சா போதும்டா, மீதிய நான் பாத்துக்குவேன். ஆனா எனக்கு யாரு…”

சிக்னல் போய்விட்டது. திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு படி இறங்கினால் அண்ணி. என்னால் இறங்க முடியவில்லை. இத்தனை நாள் ஒளிந்துகொண்டு ஒட்டுக்கேட்டவள் எந்த முகத்தோடு போய் நிற்பது?

மறுநாள் பத்து மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள், தாம்பூலத் தட்டோடு. அண்ணியின் புருஷன் வெள்ளைச் சட்டையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான், பார்க்கப் பரம சாதுவாக. அவனுடைய சித்தப்பாதான் பேசினார். “குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கத்தாங்க செய்யும். ஏதோ கோவம், சின்னஞ்சிறுசுங்க. இனிமே அவன் எம்பொறுப்பு.” மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் தலையாட்டினார். சுவரோரம் தரையில் அண்ணி உட்கார்ந்திருந்தார். “என்னம்மா, கெளம்பலாமா?” என்றார் சித்தப்பா. அண்ணியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் மாமியார் ‘போய் புடவை எடுத்து வை’ என்று சொல்லிவிடுவார், எல்லாம் முடிந்துவிடும். என் கையில் காபித் தட்டு. டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன.

“அண்ணி வர மாட்டாங்க.”

சொன்னது நான்தான் என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. “நீ உள்ள போ” என்றார் என் கணவர், பல்லைக் கடித்துக்கொண்டு. போகவில்லை. “அவங்களுக்கு எடது காது கேக்காதுங்க. யாரு அடிச்சு அப்படி ஆச்சுன்னு இவரையே கேளுங்க” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. வெள்ளைச் சட்டை நிமிர்ந்து, “யார் சொன்னது? பொய்!” என்றான்.

“நான் வரலைங்க” என்றார் அண்ணி. தலை நிமிர்ந்திருந்தது. “அடிச்சது நெஜம். கேக்காததும் நெஜம். நான் வரல.”

மாமியார் எழுந்தார். மகளின் இடது பக்கம் போய், கொஞ்சம் பின்னால் நின்றுகொண்டு, சின்ன வயதில் கூப்பிடும் செல்லப்பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டார். அண்ணி திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். வீடு முழுக்க எல்லோருக்கும் கேட்டது, அண்ணிக்கு மட்டும் கேட்கவில்லை. மாமியார் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். பிறகு தாம்பூலத் தட்டைத் தூக்கிச் சித்தப்பாவின் கையில் கொடுத்து, “கெளம்புங்க” என்றார்.

அவர்கள் போன பிறகு அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். அண்ணி வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

“டேய் சுண்டல், தண்ணி குடி.”

எனக்குப் புரையேறிவிட்டது. “எப்பலேருந்து தெரியும்? நேத்து மைக்லேருந்தா?”

“நேத்தா? வாயு லிங்கம்னா திரும்பத் தெரிஞ்சவன் எந்த ஊர்க்காரனா இருப்பான்? உன் சாப்பாட்டு நேரத்துக்குக் கரெக்டா வர்றான் வேற. சந்தேகத்துக்கு ரசத்துல உப்பு கம்மின்னு சொல்லிப் பாத்தேன். மறுநாளே ஏறிடுச்சு.” சிரித்தார், துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. “கிரிவலம் வந்தியாமே? மாடியறைக் கதவச் சாத்திக்கிட்டு எந்த மலைய சுத்துன?”

“அப்ப நேத்து சொன்னதெல்லாம்…”

“உங்கிட்டதான் சொன்னேன். மொகத்தப் பாத்துச் சொல்லத் தெரியல” என்றார். இருவரும் அழுதோம், சொல்வதற்கென்ன.

அண்ணி இப்போது வேலூரில், ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். போகும்போது பஸ் ஸ்டாண்டில் இந்த இயர்போனை என் கையில் திணித்தார். தான் புதிது வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். என் இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், இதைவிட நல்ல இயர்போன் என்னிடமும் இருக்கிறது. ஆனாலும் ஒன்றரை மணி ஆனால் இழுப்பறையைத் திறந்து இதைத்தான் எடுக்கிறேன். டேப் சுற்றிய இடத்தை விரலால் அழுத்தி, வலது காதில் செருகிக்கொள்கிறேன்.

“டேய் சுண்டல், வந்துட்டியா?”

“வந்துட்டேன், அண்ணி” என்கிறேன், மைக்கை அணைக்காமல், வாய்விட்டு. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும்.