கேமராவுக்குள்ள ரெண்டு முகம்

ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டுக்கு ரெண்டே ரூம். முன் ரூம்லதான் சிக்னல் ஒழுங்கா வரும். அதனால மருமக இண்டர்வியூவுக்கு அங்கதான் உட்காருவா. கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதுற வேலை அவளுக்கு. முன்ன ஒரு கம்பெனியில அதைத்தான் பார்த்தா. என் வீட்டுக்காரர் வாதம் வந்து படுத்ததும் வேலைய விட்டுட்டா. அவர் போற வரைக்கும் அவருக்கு எல்லாம் அவதான் செஞ்சா.

இப்ப திரும்பத் தேடினா, எல்லாக் கம்பெனியிலயும் நடுவுல ஏன் வேலை பார்க்கலைன்னுதான் கேக்குறாங்க. கேப்புன்னு அதுக்கு ஒரு பேரு. அதைக் கேட்டாலே இவளுக்கு வாய் அடைச்சுப்போகும். சொந்தக் காரணம்னு முனகுவா. அதோட அந்த வேலை போயிடும்.

அன்னிக்கும் ஒரு இண்டர்வியூ. காலையிலேயே என்னைச் சமையக்கட்டுக்கு அனுப்பிட்டா. மிக்சி போடக் கூடாது, இருமக்கூடாது. பக்கத்துல ஆள் இருந்து பதில் சொல்லிக் குடுத்தா கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சிருமாம். நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போறேன்?

ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. அவளுக்குப் பின்னால இன்னொரு முகம் தெரியுதாம். பார்த்தா, செவுத்துல மாலை போட்டு மாட்டியிருக்கிற என் வீட்டுக்காரர் படம். போன்ல ஒரு நம்பர் தேடி எடுக்கத் தெரியாத மனுசன், செத்தப்புறம் பரீட்சைக்கு ஒத்தாசை பண்றாராம். கேள்வி கேக்குற கம்பெனிக்காரர் படத்தைக் கழட்டச் சொன்னார். வெள்ளிக்கிழமையும் அதுவுமா. மருமக ஸ்டூலை இழுத்தா. நீ இரு, அவரை நான் எடுக்கறேன்னு நானே கழட்டி, சமையக்கட்டுல மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன்.

திரும்ப ஆரம்பிச்சதும் டக்டக்குனு பதில் சொல்லிக்கிட்டிருந்தா. அப்பறம் கேப்புன்னு காதுல விழுந்துச்சு. இவ சொந்தக் காரணம்னு முனகினா. எனக்குப் பொறுக்கலை. படத்தோட போய் கேமரா முன்னாடி நின்னேன்.

"நடுவுல இவ என்ன பண்ணான்னுதானே கேக்குறீங்க? இவருக்குச் சோறு ஊட்டினா, பீத்துணி அலசினா. உங்க கம்பெனியில அதுக்குப் பேரு சும்மா இருந்ததா?"

மருமக ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டா. கம்பெனிக்காரர், "சாரிங்கம்மா"ன்னார்.

பொழுது சாயற வரைக்கும் அவ முன் ரூமை விட்டு வெளிய வரலை. அப்பறம், திங்கக்கிழமை கடைசி ரவுண்டுன்னு மெயில் வந்ததும் சொன்னா: "அன்னிக்கு நீங்க சமயபுரம் போயிட்டு வாங்கத்தை. சீக்கிரம் வந்துடாதீங்க."

போனேன். கோயில் க்யூவுல நிக்கிறப்ப போன் வந்துச்சு. எடுத்துக்கிட்டாங்களாம். அழுதுக்கிட்டே சொன்னா. சரி, எந்த ஊருக்குப் போகணும்னு கேட்டேன். எங்கயும் போக வேணாமாம். வீட்டுலேர்ந்தே வேலையாம், அதே ரூம்ல, தினமும் சாயங்காலம் வரைக்கும்.

"அப்ப நான் பகல்ல எங்கம்மா இருக்கறது?"

க்யூ நகர்ந்துருச்சுன்னு பின்னாடி நின்ன அம்மா என் முதுகுல இடிச்சாங்க.