மச்சினனுக்கு வாங்கிய துத்தி இலை

சந்தைக் கோடியில் பச்சிலை விற்கும் அக்காவிடம் மூலத்துக்கு மருந்து வாங்கியவர்கள் ஏராளம். மூலம் உள்ளவர் மட்டும் ஒருவரும் வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் நண்பருக்காகவோ சித்தப்பாவுக்காகவோ வந்த பரோபகாரிகள். அக்கா யாரையும் துருவமாட்டார். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி, பொறுக்கும் சூட்டில் வைத்துக் கட்டச் சொல்வார். கூடவே, "காரத்தைக் குறைங்க, தண்ணி நிறையக் குடிங்க" என்பார். குணமானால் பாதிப் புகழ் தண்ணீருக்குத்தான் என்பது அவர் கட்சி. தண்ணீர் விற்றால் யார் வாங்குவார்கள்? அதனால் இலை விற்றார். தமக்குத் தலைவலி வந்தால் எதிரே உள்ள மருந்துக்கடைக்குப் போவார்.

தையற்காரர் ஒருவர் மாதக்கணக்கில் தம் மச்சினனுக்காக வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "மச்சினனுக்கு ரத்தம் நிக்கவே மாட்டேங்குதுக்கா. ஆளும் பாதியாயிட்டான். இன்னும் ரெண்டு கட்டு சேர்த்துக் குடுங்க" என்றார். அவர் சட்டை, வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்ததுபோல் தொளதொளவென்று தொங்கியது.

"இலை இல்ல."

"அதோ குவிஞ்சு கிடக்குதே!"

"அது மத்த மச்சினனுங்களுக்கு. இவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"அவன் பயந்தாங்கொள்ளிக்கா. ஏதாச்சும் பெரிய வியாதின்னு சொல்லிட்டா?"

"சொன்னா வைத்தியம் பார்க்கலாம். நீங்க கூடப் போங்க, தைரியமா இருப்பார்."

தையற்காரர் முறைத்துக்கொண்டே போனார். வேறெங்காவது இலை வாங்கிக் கட்டிக்கொள்வாரோ என்று அக்காவுக்கு அந்த வாரம் முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை.

அப்புறம் வாட்டசாட்டமான ஆள் ஒருவர் வந்து நின்றார். "நான்தான் அந்த மச்சினன்."

அக்கா எழுந்தே விட்டார்.

"துணைக்கு வாடான்னு மாமா கூப்பிட்டார். ஆஸ்பத்திரில பார்த்தா, என் பேரைப் பதிஞ்சு வெச்சிருக்கார்! டாக்டர் என்னைப் படுக்கச் சொல்லிட்டு கையுறைய மாட்டுறார். 'என்ன மாமா இது'ன்னு கத்துறேன், இவர் சுவரைப் பார்த்துட்டு நிக்கிறார்."

"ஐயோ! அப்புறம்?"

"கடைசில, 'அவன் இல்ல டாக்டர், எனக்குத்தான்'னு ஒத்துக்கிட்டார். உள்ள குழாய் விட்டும் பார்த்தாங்க. மூலம்தானாம், பயப்படற மாதிரி வேற எதுவும் இல்லயாம். நேத்து ஆபரேஷன் முடிஞ்சுது. உங்ககிட்ட சொல்லச் சொன்னார்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"குப்புறப் படுத்துக்கிட்டு, 'இதுல என்னய்யா வெட்கம், நேரா டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே'ன்னு பக்கத்துக் கட்டில்காரருக்கு உபதேசம் பண்ணிட்டிருக்கார்."