செப்டெம்பர்ப் பிள்ளை

மதுஜா சுவிஸில் பேர்ன் நகரின் மேற்குப் பக்கம் பூம்ப்ளிஸில் பிறந்து வளர்ந்தவள். அங்கேயே ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை பார்த்தாள். வாயைத் திறக்க மறுக்கும் பிள்ளைகளை அவளிடம்தான் விடுவார்கள். அவள் ஏதாவது கதை சொல்லத் தொடங்குவாள், பிள்ளை சிரிக்கும், வாய் திறந்துவிடும். கணவன் நிருசன் ட்ராம் ஓட்டுகிறான். ஒரே மகன் நிலன்.

நிலன் செப்டெம்பரில் பிறந்திருக்க வேண்டியவன். ஜூலைக் கடைசியிலேயே வந்துவிட்டான். அந்த அவசரத்தால் ஒரு சிக்கல். ஜூலை முடிவதற்குள் நாலு வயது நிரம்பினால் அந்த ஆகஸ்டிலேயே கின்டர்கார்டன் தொடங்கவேண்டும். பெற்றோர் விரும்பினால் ஒரு வருஷம் பிந்தி அனுப்பலாம். "அவன் செப்டெம்பர்ப் பிள்ளை. பிந்தித்தான் விடுவம்" என்று மதுஜா எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு நாலு வயது நிரம்பவிருந்த வருஷம் பெப்ரவரியில், முன்பு மதுஜாவின் மார்பிலிருந்து வெட்டியெடுத்த புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருப்பது தெரியவந்தது. கிறிஸ்மஸ் வரை இருப்பேனா என்று அவள் கேட்டபோது உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர்.

அதற்குப் பிறகு நிருசன் வேறு மாதிரிக் கதைத்தான்.

"இந்த ஆகஸ்டே விடுவம் மதுஜா. அவன் பையைப் போட்டுக்கொண்டு போறதை நீர் பாக்க வேணும்."

அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. வேறொரு காரணமும் இருந்தது: நாள் முழுக்க வருத்தக்காரியின் பக்கத்தில் பிள்ளை இருப்பதைவிட, மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவது நல்லதுதானே. சரி, முதலில் போய்ப் பார்ப்போம் என்றாள்.

மார்ச்சில் ஒரு காலை நிலனைக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் தரையில் வட்டமாக இருந்து பாடிக்கொண்டிருந்தார்கள். நிலன் அவள் மடியை விட்டு இறங்கவில்லை. மருந்தின் குமட்டல் தாங்காமல் அவள் கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவன் கதவடியில் காற்சட்டை நனைய நின்று, மூச்சு முட்ட அழுதுகொண்டிருந்தான்.

ஆசிரியை அவனுக்கு மாற்று உடுப்புக் கொடுத்தார். மதுஜாவின் நோயைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆறுதலாகத்தான் சொன்னார்: "முதல் மூன்று நாலு மாதங்கள் இப்படித்தான் இருக்கும். அம்மா வீட்டில் இருக்கிறா என்ற நம்பிக்கை வந்துவிட்டால் பிள்ளை இங்கே இருந்துவிடும்."

மதுஜா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் நிருசனிடம் சொன்னாள்.

"இந்த வருஷம் வேண்டாமப்பா."

"ஏன்? என்ன நடந்தது?"

"அவன் அங்கை இருக்கேக்கை நான் செத்துப்போனால்? தான் விட்டிட்டுப் போனதாலைதான் அம்மா போயிட்டா எண்டு நினைப்பான். பிறகு ஒரு இடத்துக்கும் நம்பிப் போகமாட்டான்."

"அப்ப நீர் பாக்க மாட்டீரே."

"ஓம்" என்றாள். பிறகு, "நீங்கள் பாப்பீங்கள்தானே" என்றாள்.

ஆகஸ்டில் கீழ்வீட்டு ரிஷானியின் மகள் அக்‌ஷயா கின்டர்கார்டனுக்கு முதல் நாள் போனாள். மதுஜா யன்னலில் நின்று, அவர்கள் மூலையில் திரும்பும்வரை பார்த்தாள். அன்றுதான் அவள் மறைக்காமல் அழுததை நிருசன் கண்டான்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க நிலன் அவள் கட்டிலிலேயே கிடந்தான். பல்லுக்குப் பயந்த பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகள் எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னாள். ஆனால் அவன் கதைகளை மட்டும் கேட்கவில்லை. அவள் சத்தி எடுக்கும்போது பேசின் பிடித்தான். வலியில் முனகும்போது பொம்மைகளை எடுத்துக்கொண்டு போய் மேசைக்குக் கீழே இருந்தான். இது சரிதானா என்று நிருசன் பல தடவை யோசித்தான். அவளிடம் கேட்கத் துணிவு வரவில்லை. நவம்பரில், மகன் பக்கத்தில் படுத்திருந்த ஒரு பின்னேரம், அவள் இறந்தாள்.

அடுத்த ஆகஸ்டில் நிருசன் அன்றைய வேலை நேரத்தை மாற்றி எடுத்துக்கொண்டு நிலனைக் கூட்டிப்போனான். தெருவில் வாகனக்காரருக்குத் தெரிவதற்காகப் பிள்ளைகள் போடும் மஞ்சள் நிற ஒளிர்பட்டி அவன் மார்பில் தொங்கியது. வந்திருந்த புதிய பிள்ளைகளில் அவன்தான் உயரம். வாசலில் கையை விட்டுவிட்டு, அழாமல் உள்ளே போனான். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் படம் எடுத்து முடித்துக் கலைந்தார்கள். நிருசனால் நகர முடியவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் இருந்த மர வாங்கில் மதியம்வரை உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்த நிலன், அப்பா வாங்கிலிருந்து எழும்பி வருவதைக் கண்டு நின்றான்.

"அப்பா, நீங்கள் இஞ்சையே இருந்தனீங்களோ?"

"ஓம்."

"நாளைக்கு இருக்க வேண்டாம். வேலைக்குப் போங்கோ. நான் இருப்பன்."

நிருசனுக்கு இதை உடனே மதுஜாவிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தான்.