கண்ணாடி நூல் சுற்றிய பேரல்

துப்பாக்கி பேரலுக்குப் பூசணிக்காய் உடைத்தது எங்கள் கடையின் சரித்திரத்தில் ஒரே ஒரு முறைதான். ஆண்டு 1963, சீனச் சண்டைக்கு அடுத்த வருஷம், புரட்டாசி மாதம். உடைத்தவர் கடை முதலாளி காசிம் பாய். அவருக்கு இதில் முன் அனுபவம் கிடையாது. ஆகவே இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

வந்த வேலை

கடை கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் இருந்தது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பது தொழில். நான் அங்கே ஃபிட்டர். அதற்கு முன் பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் காட்டுப்பன்றி விரட்டும் தோட்டத்து விவசாயிகள். மற்றவர்கள், பரம்பரைத் துப்பாக்கியைச் சுடாமலே வைத்திருந்து வருஷத்துக்கு ஒரு தரம் எண்ணெய் போட்டு வாங்கிப்போகும் பெரிய வீட்டுக்காரர்கள்.

சூலூர்ப் பக்கம் நூற்பும் நெசவுமாக மில் நடத்திய நாயுடு ஒருவர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையோடு வந்தார். பெயர் வேண்டாம். பேரன்மார் இருக்கிறார்கள்.

"பாய், இதப் பாருங்க. பேரல்ல நூலைச் சுத்தியிருக்கறான்."

"நூலுங்களா?"

"கண்ணாடி நூலு. உள்ளுக்குள்ள இரும்பு காயிதமாட்டம் மெல்லிசா இருக்குதாம். மேல நூலைச் சுத்தி, ரெசினப் போட்டு இறுக்கிப்போட்டான். தூக்குனா எடையே தெரியாதாம்."

பாய் படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அவனுக்கு ஃபேக்டரி இருக்குதுங்க மொதலாளி. எனக்கு ஒரு லேத்து இருக்குது."

"நூல் சுத்தறதுக்குக் கோயமுத்தூர்ல ஆளில்லீன்னு சொல்றீங்களா?"

எங்கள் ஊரில் அதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாய் பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டார்.

அதன் தத்துவம் எளிது. மரப் பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடுவது போலத்தான். குண்டு போகும்போது பேரல் உள்ளிருந்து வெளியே விரியப் பார்க்கும். முழுவதும் இரும்பாக இருந்தால் தடிமனாலேயே தாங்கிக்கொள்ளும். மெல்லிய இரும்பாக இருந்தால், சுற்றியிருக்கும் கண்ணாடி நூல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். நூலை நூலோடும், நூலை இரும்போடும் ஒட்ட வைப்பது ரெசின். மூன்றும் ஒன்றாக நின்றால்தான் அது பேரல். ஒன்று விலகினாலும் மற்ற இரண்டும் வெறும் சாமான்.

ஏன் எடை குறைய வேண்டும்

ஆயுத பூஜை அன்று மில் வாசலில் முதலாளி வானத்தைப் பார்த்து ஒரு முறை சுடுவார். அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம். சுடுகிறவர்தான் முதலாளி என்று கடைசிக் கூலிக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். முந்தின வருஷம் நாயுடுவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்து இடது கை தளர்ந்துபோயிருந்தது. பேரலைத் தாங்கும் கை அதுதான். சுடும்போது முனை தாழ்ந்து, பஞ்சுக் குடோனின் ஓடுகள் சில உடைந்தன. ஆயிரம் பேர் பார்த்தார்கள். அன்று வீட்டில் அவருடைய தம்பி சொன்னாராம்: "அண்ணா, அடுத்த வருஷம் பெரியவன் சுடட்டுமே."

"பெரியவன் சுட்டான்னா, அடுத்த நாள் கணக்குப்புள்ள அவன்கிட்டத்தான் கையெழுத்துக்குப் போவான்" என்றார் நாயுடு எங்களிடம். பெரியவன் என்றது மூத்த மகனை.

கலெக்டர் ஆபீஸில் அனுமதி வாங்கி, நாயுடுவிடம் இருந்த இன்னொரு துப்பாக்கியின் பேரலை லேத்தில் மெல்லிசாகக் கடைந்து வேலையைத் தொடங்கினோம். மோட்டார் காயிலுக்கு இன்சுலேஷனாகச் சுற்றும் கண்ணாடி நூல் எனக்குப் பழக்கம். அதையும் ரெசினையும் பம்பாயிலிருந்து வரவழைத்தோம். சிட்டமாக, அதாவது சுருணையாக வந்த நூலைக் கூம்புக் கோனில் ஏற்றித் தரும் பொறுப்பை நாயுடு தம் மில்லுக்கே எடுத்துக்கொண்டார். அங்கே சைசிங் மாஸ்டராக இருந்த கருப்பண்ணன் அதை ஏற்றிக் கொண்டுவந்தார்.

கண்ணாடி நூல் இழை பிரிந்து சிலும்பும், கையில் குத்தும், மூன்று நாள் அரிக்கும். அவர் கொண்டுவந்த நூல் பட்டுப்போல இருந்தது. குத்தவில்லை, அரிக்கவில்லை. பாய் தடவிப் பார்த்து, "பம்பாய்க்காரனே இப்படித் தரல மாஸ்டர்" என்றார். கருப்பண்ணன் அடக்கமாகத் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

பூஜைத் தகராறு

சுற்றி, ரெசின் போட்டு, காயவைத்து முடித்தோம். கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. நாயுடு ஒற்றைக் கையால் தூக்கினார். ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. பேரலில் கை வைத்த எந்தத் துப்பாக்கியும் பலகையில் கட்டி, மறைவிலிருந்து கயிறிழுத்துச் சுட்டுப் பார்க்காமல் வெளியே போகாது. நாயுடுவின் மில்லிலும் ஒரு சட்டம் இருந்தது. புதுச் சாமான் எதுவும் பூஜைக்கு முன் ஓடக் கூடாது.

"சுட்டுப்போட்டு அப்பறம் சாமி முன்னால வெச்சா, அது எச்சில் பாய்."

"சுடாமக் குடுத்தா அது வெடிகுண்டுங்க மொதலாளி."

"எனக்குப் பயமில்லீங்க."

"எனக்கு இருக்குதுங்களே. உங்களுக்கு ஒண்ணுன்னா என் லைசென்ஸு போயிரும். எனக்கு வேற தொழில் தெரியாது."

கொஞ்ச நேரம் இருவரும் காபி குடித்தார்கள். பிறகு பாய் சொன்னார்: "அப்பப் பூசையை முன்னாடியே போட்டுருவமுங்க. மெசினுக்குத் தனியா நாள் பாத்துப் போடறதில்லீங்களா? எங்க லேத்து வந்தப்பப் பூசை போடாட்டி ஓட்ட மாட்டேன்னு இவந்தான் நின்னான்." என்னைக் காட்டினார். அது உண்மை.

நாயுடு யோசித்தார். "சரி. ஆனா மொத வேட்டு நாந்தான் சுடுவேன்."

"தாராளமாச் சுடுங்க. கயித்த இழுக்கறவருதானுங்க சுடறவரு."

கல்லுக்குழி

சூலூர் ரோட்டில் கைவிட்ட கல்லுக்குழி ஒன்றில் காலையிலேயே கூடினோம். நாயுடு, பாய், கருப்பண்ணன், நான். சூடம் காட்டினோம். எலுமிச்சம்பழம் வைத்தோம். பூசணிக்காய் விஷயம் முன்பே சொன்னேன். பலகையில் துப்பாக்கியைக் கட்டி, மணல்மூட்டை வைத்து, எல்லோரும் பாறைக்குப் பின்னால் போனோம். நாயுடு வலது கையால் கயிற்றை இழுத்தார்.

சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

போய்ப் பார்த்தோம். உள்ளிருந்த இரும்பு நடுவில் நெடுக்காகக் கிழிந்திருந்தது. மேலே சுற்றியிருந்த நூல், வேகவைத்த மரவள்ளிக் கிழங்கின் தோலைப் போலக் கழன்று தனியாகக் கிடந்தது. இடது கை பிடிக்கும் இடத்துக்கு நேர் கீழே பலகையில் ஒரு பெரிய ஓட்டை. நாயுடு அதைக் குனிந்து பார்த்தார். தம் இடது கையையும் பார்த்தார்.

"இது ஏற்கெனவே பாதிதான் வேலை செய்யுது. அதையும் வாங்கிக்கப் பாத்தீங்களே பாய்."

பாய் பலகையிலிருந்து துப்பாக்கியின் கட்டை அவிழ்த்தார். நான் கழன்ற உறையைப் பிரித்தேன். ரெசின் மேலே மட்டும் ஓடாக நின்றிருந்தது. உள்ளே நூல் காய்ந்த நூலாகவே இருந்தது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

"மாஸ்டர், கோன்ல ஏத்தறப்ப இந்த நூலுக்கு என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. கஞ்சி மட்டுந்தான் போட்டேன்."

நாயுடு மெதுவாகத் திரும்பினார். "கஞ்சியா?"

"மரவள்ளிக் கஞ்சிங்க. கொஞ்சம் கொழுப்பு. தறியில ஏத்தற பாவு நூலுக்குப் போடறதுதான். போடாட்டிச் சிலும்பி அத்துப்போகுமுங்களே."

"யாரு போடச் சொன்னது?"

"போட வேண்டாம்னு யாரும் சொல்லலீங்களே மொதலாளி."

சைசிங் என்றாலே நூலுக்குக் கஞ்சி போடுவதுதான். கொழுப்பும் கஞ்சியும் பூசிய நூலில் ரெசின் எப்படி ஒட்டும்? அந்த மில்லில் கஞ்சி போடாமல் ஒரு நூல் வெளியே போனால்தான் அது குற்றம். கருப்பண்ணனுக்கு வேலை போகவில்லை.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். புதுப் பொருளை ஒருவர் கையில் கொடுக்கும்போது, என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன செய்யக் கூடாது என்றும் சொல்லுங்கள். ஒவ்வொரு தொழில்காரர் கையும் கேட்காமலே செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. அதை அவர் வேலை என்றே நினைப்பதில்லை.

ஆயுத பூஜை

இன்னொரு பேரல் செய்ய நாளில்லை. பழைய இரும்புத் துப்பாக்கியைத்தான் சாமி முன்னால் வைத்தார்கள். பாயும் நானும் போயிருந்தோம். மூத்த மகன் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் தயாராக நின்றார்.

நாயுடு குடோன் பக்கம் கை காட்டினார். நான்கு பேர் இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதி ஒன்றை, ஒரு பேலை, தூக்கிவந்து வாசலில் வைத்தார்கள். அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னார். மாலை போடச் சொன்னார். "இது போட்ட சோறுதானப்பா எல்லாருக்கும். இன்னைக்கு இதும் கூட நிக்கட்டும்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பேரலைப் பேலின் மேல் சாய்த்து, வானத்தைப் பார்த்துச் சுட்டார். முனை ஆடவில்லை. ஆயிரம் பேரும் கை தட்டினார்கள். அவருடைய இடது கை பேலின் மேல் மாலையோடு கிடந்தது.

கருப்பண்ணன் என் காதருகே கேட்டார்: "இதும் சாஸ்திரமுங்களா?"

"இனிமே சாஸ்திரந்தான்" என்றேன்.

அதன் பிறகு நாயுடு ஐந்து வருஷம் சுட்டார். ஆறாவது வருஷம் மகன் சுட்டபோதும் நான் போயிருந்தேன். உலக்கை போன்ற கைகள் அவருக்கு. ஒற்றைக் கையால் அந்தத் துப்பாக்கியைத் தூக்குவார். அவரும் பேலுக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, அதன்மேல் சாய்த்துத்தான் சுட்டார்.