சமாதானம் சொல்கிறவர்

எங்கள் ரிப்பேர் கடையில் முன்மேசையில் உட்காருகிற அம்மாளுக்கு நாங்கள் வைத்த பேர் 'சமாதானம்'. பின்கட்டில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இருப்பது நான். வேலை முடியாதபோது வந்தவர் முன்னால் நின்று சமாதானம் சொல்வது அவர். "பார்ட் வரலைங்க", "வந்துச்சு, ஆனா சேரலைங்க" என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார். சண்டை போட வந்த ஆளே கடைசியில் சிரித்துக்கொண்டு போவார். அப்படி ஒரு வாய்!

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மட்டும் அந்த வாய் அடைத்துப்போகும். நானும் அதே கோயில்தான். பூசையில் சாமியார், "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்" என்றதும் எல்லாரும் நாலா பக்கமும் திரும்பிக் கைகூப்புவோம். இவருக்கு முன் பெஞ்சில் இவருடைய கூடப்பிறந்த அக்கா. அந்த அம்மா வலப்பக்கம் கும்பிடுவார், இடப்பக்கம் கும்பிடுவார், பின்னால் மட்டும் திரும்பவே மாட்டார். இவரோ அந்த முதுகைப் பார்த்துக் கூப்பிய கையை இறக்காமல் நிற்பார்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். அவர்களுடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது கூட இருந்து பார்த்தவர் அக்காதான். அடக்கத்தன்று இவர், "நீ ஒழுங்காப் பாத்திருந்தா அம்மா இன்னும் இருந்திருப்பாங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்னது தப்புதான், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. பிறகு எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டு ஆள் விட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

போன மாதம் அந்த அக்கா ஒரு இஸ்திரிப் பெட்டியோடு கடைக்குள் வந்து நின்றார். அவர் வழக்கமாகப் போகிற கடை பூட்டியிருந்தது, வேறு வழியில்லை. தங்கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "சூடாகலை" என்றார். உள்ளே ஒயர் விட்டிருந்தது. நான் அன்றைக்கே சரிபண்ணி முன்மேசைக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அக்கா வந்து கேட்டதும் தங்கை சொன்னார், "பார்ட் வரலைங்க, நாளைக்கு வாங்க." அதற்கடுத்த நாளும் அதே பாட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. கெட்ட பேர் என் வேலைக்கல்லவா! அடுத்த முறை அவர் வந்தபோது வெளியே வந்து, "அது அன்னைக்கே ரெடிங்க. இதோ, மேசைக்கு அடியிலதான் இருக்கு" என்று போட்டு உடைத்தேன்.

தங்கை முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன்டி பொய் சொன்ன?" என்றார் அக்கா. இத்தனை வருஷத்தில் தங்கையிடம் அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

எந்த ஆளையும் சமாளிக்கிறவர், "குடுத்துட்டா நீ திரும்ப வரமாட்டியேக்கா" என்று அழுதுவிட்டார்.

அக்கா பெட்டியை எடுத்து, ஒயரைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்து, அதை மேசைமேலேயே வைத்தார்.

"நாளைக்கு வரேன். அப்பவும் ரெடியாகலைன்னே சொல்லு."