நாக்கில் முதலில் தொட்டது

வெள்ளானூரில் ஒருத்தி குண்டாகவும் இருந்து கர்ப்பமாகவும் இருந்துவிட்டால் போதும், தெருவே டாக்டராகிவிடும். "ரெட்டப் புள்ளயா?" என்று கேட்டவர்களிடம், "ஒண்ணுதாங்க, மீதி நானு" என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போனது.

கர்ப்பத்தில் சர்க்கரையும் வந்தது. எடை கூடினவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டரம்மா. பட்டினி கிடந்து இளைக்கவும் கூடாது, ரெண்டு ஆளுக்குச் சாப்பிடவும் கூடாது என்றார். அளவாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் நடக்கப் போனால், "இப்பத்தான் எளைக்கிற நெனப்பு வந்துச்சா?" என்று ஏதாவது ஒரு வாசலிலிருந்து குரல் வரும். நான் பாட்டுக்கு நடப்பேன். என் உடம்புக்காக யார் முன்னாலும் தலை குனிகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பையன் நல்ல எடையோடு பிறந்தான். "கொழுக்கு மொழுக்குனு கீறான், இவனுக்கு இன்னா கொறை" என்று மாமியாருக்குப் பூரிப்பு. நர்ஸ்தான் விளக்கினார்: தாய்க்குச் சர்க்கரை இருந்தால், பிறந்த பிள்ளைக்கு அது சட்டென்று இறங்கிவிடலாம். உடனே தாய்ப்பால் கொடுக்க வேண்டும். குதிகாலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பார்கள். இறங்கியிருந்தால் என்னிடமிருந்து பிரித்து வேறு அறையில் வைத்து மருந்து ஏற்ற வேண்டிவரலாம்.

அவர் அந்தப் பக்கம் போனதும் மாமியார் பையிலிருந்து கிண்ணத்தை எடுத்தார். சர்க்கரைத் தண்ணீர். முதலில் யார் தன் கையால் நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்கிறாரோ அவர் உடல்வாகு பிள்ளைக்கு வரும் என்பது அவர் வீட்டு நம்பிக்கை. அதற்கென்றே முத்தாபுதுப்பேட்டையிலிருந்து நாத்தனாரை வரவழைத்திருந்தார்.

"அவ வெய்க்கட்டும்மா. சிக்குனு கீறா. ஒன் ஒடம்பு வாகு புள்ளைக்கு வந்துடக் கூடாது பாரு. நர்ஸம்மாவும் சக்கர எறங்கும்னுதான சொல்லுது?"

பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டேன். "சக்கரத் தண்ணில வயித்த ரொப்பிட்டா பால் எப்டி குடிப்பான் அத்தே? மொதல்ல என் பாலு."

"இம்மாம் ஒடம்பு கீது. பாலு ஊறிச்சா?"

"ஊறும். என் வாகே வரட்டும் அவனுக்கு."

நாத்தனார் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். "நான் எங்கம்மா சிக்குனு கீறேன்? கல்யாண ஜாக்கெட்டு கையே ஏறல," என்று சொல்லி, என் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தார்.

பையன் லேசில் வாய் வைக்கவில்லை. அழுதான், தூங்கினான், நழுவினான். நர்ஸ் வந்து பிடித்துக் காட்டினார். மஞ்சளாக நாலு சொட்டுச் சீம்பால் வந்தது. முதல் தடவை குத்திப் பார்த்தபோது சர்க்கரை விளிம்பில் நின்றது. "விடாம குடும்மா," என்றார். விட்டால்தானே? அடுத்த தடவை குத்திப் பார்த்துவிட்டு, "ஏறிடுச்சு. உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார்.

மாமியார் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே முணுமுணுத்தார். "இன்னா புடிவாதம்டா சாமி."

"அதத்தான் அத்தே," என்றேன், "மொதல்ல அவன் நாக்குல வெச்சிருக்கேன்."